கார் எஞ்சினுக்குள் திருட்டுக் காற்று: ஐடிலிங் நிற்காத கதைக்கு ஒரு வரலாறு

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் புகார் கட்டாயம் கேட்டிருக்கும். வண்டி ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் மட்டும் உடம்பெல்லாம் உதறும். ஆக்ஸிலேட்டரில் காலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை எடுத்தால் ஆஃப். மெக்கானிக்கிடம் போனால் இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவார்: "ஏர் இழுக்குது."

இந்த "ஏர் இழுக்குது" என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் முந்நூறு வருஷ வரலாறு இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? இந்த நோய் ஏன் 1950களின் கார்களில் சின்ன தொல்லையாக இருந்தது, ஏன் 1970, 80களின் கார்களில் பெரிய தலைவலியானது, அப்புறம் ஏன் கண்ணுக்கே தெரியாமல் மறைந்தது? நோயைக் கண்டுபிடிக்கும் முறைகளும் இதே வரலாற்றோடு சேர்ந்துதான் வளர்ந்தன. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள் :-)

கார் வருவதற்கு முன்பே வந்த ஓட்டை

1643-44 வாக்கில் இத்தாலியில் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காற்றுக்கு எடை உண்டு என்று காட்டினார். கடல் மட்டத்தில் காற்று சுமார் 760 மி.மீ. உயரப் பாதரசத்தைத் தாங்கும். இன்றைக்கும் மெக்கானிக்கின் வாக்யூம் கேஜில் "பாதரச அங்குலம்" என்றுதான் அளவு போட்டிருக்கும். டாரிசெல்லி விட்டுப்போன சொத்து அது. 1650களில் ஜெர்மனியில் ஓட்டோ வான் கெரிக்கே இரண்டு அரைக்கோளங்களை ஒட்டி உள்ளே இருந்த காற்றை உறிஞ்சிவிட்டு, இரண்டு பக்கமும் குதிரைகளைக் கட்டி இழுக்க வைத்தார். குதிரைகள் திணறின. வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை, வெளியில் இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது என்பது புரிய ஆரம்பித்தது.

இதை வேலைக்குப் பயன்படுத்தியவர் தாமஸ் நியூகமன். 1712-ல் இங்கிலாந்தில் டட்லி பக்கம் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க அவர் வைத்த எஞ்சினில், நீராவி பிஸ்டனைத் தள்ளவில்லை. நீராவியைக் குளிர்ந்த தண்ணீர் பீய்ச்சி ஒடுக்கினால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அமுக்கும். அவ்வளவுதான் எஞ்சின்.

அந்தக் காலத்தில் சிலிண்டரைச் சரியான வட்டமாகக் கடையும் வசதி கிடையாது. பிஸ்டனைச் சுற்றிக் காற்று உள்ளே புகுந்தது. பிஸ்டனுக்குத் தோல் வளையம் மாட்டி, அதற்கு மேலே தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். இடுக்கு இருந்தால் காற்றுக்குப் பதில் கொஞ்சம் தண்ணீர் போகும், வெற்றிடம் காப்பாற்றப்படும். இன்னொரு தொல்லையும் இருந்தது. கொதிகலன் தண்ணீரில் கரைந்திருந்த காற்று சிலிண்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். அதை வெளியேற்றத் தனியாக ஒரு குட்டி வால்வு வைத்தார்கள். ஆக, தேவையில்லாத இடத்தில் காற்று புகுந்தால் எஞ்சின் நிற்கும் என்ற பாடம் முதல் எஞ்சினிலேயே படித்தாகிவிட்டது.

தோற்றுப்போன ஒரு உதாரணமும் உண்டு. புகழ்பெற்ற பொறியாளர் புரூனெல் 1847-ல் இங்கிலாந்தின் தெற்கு டெவன் ரயில் பாதையில் நீராவி இஞ்சினே இல்லாமல் ரயில் ஓட்டினார். தண்டவாளங்களுக்கு நடுவில் ஒரு நீளக் குழாய், அதற்குள் பிஸ்டன். வழியில் ஆங்காங்கே இருந்த பம்ப் நிலையங்கள் குழாயில் இருந்து காற்றை உறிஞ்சும். பிஸ்டனையும் ரயிலையும் இணைக்கக் குழாயின் மேல்பக்கம் முழுக்க ஒரு கீறல் வேண்டும். அந்தக் கீறலைத் தோல் பட்டையும் கொழுப்பும் வைத்து மூடினார்கள். தோல் காய்ந்தது, கிழிந்தது, காற்று புகுந்தது. 1848 செப்டம்பரில், ஒரு வருஷத்தில் மூடிவிட்டார்கள். யோசனை தப்பில்லை, சீல் தான் தப்பு. காரின் ரப்பர் ஹோஸ்களுக்கு நூற்று இருபது வருஷம் கழித்து நடந்ததும் இதே கதைதான்.

காருக்குள் வெற்றிடம் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் எஞ்சின் ஒரு காற்று பம்ப் மாதிரி. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சும். ஆரம்ப கால எஞ்சின்களில் இந்த உறிஞ்சலே இன்லெட் வால்வைத் திறந்துவிடும், தனியாக கேம் கிடையாது. 1893 வாக்கில் மேபாக் போன்றவர்கள் பெட்ரோலைச் சின்னத் துளை வழியாகக் காற்றோட்டத்தில் தெளிக்கும் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார்கள். வேகத்தைக் குறைக்க காற்றுப் பாதையில் ஒரு தட்டு வைப்பது பிறகு வழக்கமானது. அதுதான் திராட்டில்.

திராட்டில் மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காற்று வர வழி இருக்காது. அதனால் திராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் மேனிஃபோல்டில் நல்ல வெற்றிடம் உண்டாகும். ஆரோக்கியமான எஞ்சினில் ஐடிலிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம், அதாவது சுமார் 430 முதல் 530 மி.மீ. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் இது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

ஓட்டை ஏன் ஐடிலிங்கில் மட்டும் கொல்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1.5 லிட்டர் எஞ்சின் 800 ஆர்.பி.எம்.மில் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மொத்தக் கொள்ளளவையும் உறிஞ்சும். அப்படியென்றால் நிமிஷத்துக்கு 600 லிட்டர். ஆனால் உள்ளே அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான். எனவே வெளிக்காற்றின் கணக்கில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 180 லிட்டர்தான். இப்போது மேனிஃபோல்டில் 2 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை இருக்கட்டும். அழுத்த வித்தியாசம் அதிகமாக இருப்பதால் அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். கணக்குப் போட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 30 லிட்டர். அதாவது எஞ்சின் சுவாசிக்கும் காற்றில் ஆறில் ஒரு பங்கு கார்புரேட்டருக்குத் தெரியாமல் வருகிறது! பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று போதும். அது 17 ஆகிவிடும். இந்த மெலிந்த கலவை சில சிலிண்டர்களில் பற்றாமலே போய்விடும். அதுதான் அந்த உதறல்.

அதே எஞ்சின் 4000 ஆர்.பி.எம்.மில் முழு திராட்டிலில் நிமிஷத்துக்கு 2400 லிட்டர் சுவாசிக்கும். மேனிஃபோல்டில் வெற்றிடமும் இருக்காது. அப்போது அந்த 2 மி.மீ. துளையை யார் கவனிக்கப் போகிறார்கள்? "ஓடும்போது நல்லாத்தான் இருக்கு, நின்னாத்தான் பிரச்சினை" என்ற புகாரின் ரகசியம் இதுதான்.

சம்பளம் இல்லாத வேலைக்காரன்

வெற்றிடம் இலவசமாகக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் கார் கம்பெனிகள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொன்றாக வேலை கொடுக்க ஆரம்பித்தார்கள்.

முதல் வேலை பெட்ரோல் இறைப்பது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி வர வேண்டும். டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் ரிவர்ஸில் ஏற வேண்டிய நிலைமை. 1910, 20களின் பல கார்களில் "வாக்யூம் டேங்க்" வந்தது. பின்னால் இருக்கும் பெட்ரோலை மேனிஃபோல்டு வெற்றிடமே முன்னால் உறிஞ்சிக் கொடுத்தது.

அடுத்தது வைப்பர். அமெரிக்காவில் 1950கள் தாண்டியும் ஏராளமான கார்களில் வைப்பர் வெற்றிடத்தில்தான் ஓடியது. இதில் வேடிக்கை என்னவென்றால், மழையில் மேடு ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வெற்றிடம் குறைந்து வைப்பர் நடுவில் நின்றுவிடும். காலை எடுத்தால்தான் திரும்ப ஓடும். பார்வை வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று டிரைவரே முடிவு செய்ய வேண்டும் :-)

மூன்றாவது பிரேக். 1927-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டெவாண்ட்ரே வெற்றிட பிரேக் பூஸ்டரைக் கொண்டுவந்தார். ஒரு டயஃப்ரம், ஒரு பக்கம் வெற்றிடம், மறு பக்கம் வெளிக்காற்று. காலின் வலுவைப் பல மடங்காக்கும். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் அடிப்படை இதுதான்.

நான்காவது, 1930களில் பரவிய வாக்யூம் அட்வான்ஸ். குறைந்த திராட்டிலில் சிலிண்டரில் கலவை அடர்த்தி குறைவு, மெதுவாக எரியும். அதனால் பொறியைக் கொஞ்சம் முன்னதாகவே கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஒரு சின்ன டயஃப்ரத்தை வைத்து, வெற்றிடமே அதைத் திருப்புமாறு செய்தார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹோஸ், ஒவ்வொரு ஹோஸுக்கும் இரண்டு முனை, சிலவற்றில் ஒரு டயஃப்ரம். அத்தனையும் நாளைய ஓட்டைகள். ஆனாலும் இந்தக் காலத்துக் கார்களில் அது பெரிய பிரச்சினையாகவில்லை. காரணம், கார்புரேட்டர்களை ஐடிலிங்கில் தாராளமாக, பெட்ரோல் கூடுதலாகப் போகும்படிதான் செட் செய்வார்கள். கொஞ்சம் திருட்டுக் காற்று புகுந்தாலும் கலவை எரியக்கூடிய அளவிலேயே இருக்கும். பெட்ரோல் வீணாவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

முள் சொல்லும் ஜாதகம்

இந்தக் காலத்து மெக்கானிக்கின் ஸ்டெதாஸ்கோப் வாக்யூம் கேஜ். ஒரு டயல், ஒரு முள், ஒரு ரப்பர் டியூப். மேனிஃபோல்டில் மாட்டி ஐடிலிங்கில் விட்டால் முள் பேசும்.

முள் 17-21-ல் ஆடாமல் நின்றால் ஆரோக்கியம். ஆடாமல், ஆனால் தாழ்வாக நின்றால் இக்னிஷன் டைமிங் பிந்தியிருக்கிறது அல்லது மேனிஃபோல்டில் ஏர் லீக். சீரான இடைவெளியில் ஒவ்வொரு முறையும் சடக்கென்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஆர்.பி.எம். ஏற்றிப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் அடைப்பு.

ஒரு எச்சரிக்கை. ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒரு அங்குலம் குறையும். சென்னையில் 20 காட்டும் எஞ்சின் ஊட்டியில் 13 காட்டினால் பயப்பட வேண்டாம். வெளிக்காற்றே அங்கே குறைவு.

முள் "லீக் இருக்கிறது" என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. அதற்கு நாலடி நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்டைச் சுற்றி நகர்த்துவார்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் பாம்பு சீறுவது போல "உஸ்ஸ்" கேட்கும். செலவே இல்லாத முறை, இன்றைக்கும் செல்லும்.

புகைமூட்டம் வந்தது, ஹோஸ்கள் பெருகின

கதை தலைகீழாக மாறியது லாஸ் ஏஞ்சலஸில். அந்த ஊரில் கண் எரியும் புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் திண்டாடினார்கள். 1950களின் தொடக்கத்தில் கால்டெக் விஞ்ஞானி ஹாகன்-ஸ்மிட், காரிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் சேர்ந்துதான் இதை உண்டாக்குகின்றன என்று காட்டினார்.

முதல் வைத்தியம் பி.சி.வி. வால்வு. அதுவரை எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை ஒரு குழாய் வைத்து அப்படியே ரோட்டில் விட்டார்கள். 1961-ல் கலிஃபோர்னியா அதைத் தடுக்க உத்தரவு போட்டது. ஆவியை மேனிஃபோல்டு வெற்றிடமே உறிஞ்சி மறுபடி எரிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், இது நாமே வைத்துக்கொண்ட ஒரு வாக்யூம் லீக்! வித்தியாசம் ஒன்றுதான். இது கணக்கில் உள்ள ஓட்டை. கார்புரேட்டர் இதை எதிர்பார்த்தே செட் செய்யப்பட்டிருக்கும். ஐடிலிங்கில் வால்வு கிட்டத்தட்ட மூடிக்கொண்டு கொஞ்சமாக விடும். அழுக்கேறித் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் கணக்கு தப்பிவிடும், எஞ்சின் உதறும். சோதனை எளிது. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் "கடகட" என்று சத்தம் வர வேண்டும். ஓடும் எஞ்சினில் கட்டை விரலால் அதன் வாயை மூடினால் ஆர்.பி.எம். லேசாக இறங்க வேண்டும்.

பிறகு அமெரிக்காவில் 1970-ன் தூய காற்றுச் சட்டம் வந்தது. சில வருஷத்துக்குள் புகையை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கம்ப்யூட்டர் இன்னும் காருக்குள் வராத காலம். எஞ்சின் சூடாக இருக்கிறதா, திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, இப்போது எதைத் திறக்கலாம், எதை மூடலாம் என்று முடிவு செய்ய ஏதாவது வேண்டுமே? கையில் இருந்தது அந்தச் சம்பளமில்லாத வேலைக்காரன் மட்டும்தான். வெப்பத்தில் திறக்கும் வாக்யூம் சுவிட்சுகள், தாமதப்படுத்தும் வால்வுகள், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி, புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு என்று அத்தனையும் ஹோஸ்களால் இணைக்கப்பட்டன. சொல்லப்போனால் அது ரப்பரால் செய்த கம்ப்யூட்டர்! பானட்டைத் திறந்தால் நூடுல்ஸ் கொட்டியது போல இருக்கும். எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று பானட்டுக்கு அடியில் படமே ஒட்டிக் கொடுத்தார்கள். 1975-ல் அமெரிக்காவுக்கு வந்த ஹோண்டா சி.வி.சி.சி. எஞ்சின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமலே சட்டத்தைத் தாண்டி எல்லாரையும் ஆச்சரியப்படுத்தியது. ஆனால் அதன் பின்னால் வந்த கார்புரேட்டர் ஹோண்டாக்களின் ஹோஸ் காட்டைப் பார்த்துப் பயந்த மெக்கானிக்குகள் நிறைய.

இங்கேதான் முக்கியமான விஷயம். ஹோஸ்கள் பெருகிய அதே நேரத்தில் கலவையை மெலிதாக்கினார்கள். முன்பு இருந்த தாராளம் போய்விட்டது. யாரும் திருகிவிடக் கூடாது என்று மிக்ஸர் ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டார்கள். அதாவது ஓட்டை விழக்கூடிய இடங்கள் பல மடங்கு, ஓட்டையைத் தாங்கும் சக்தியோ துளிதான். மேலே இருந்து எஞ்சின் சூடு, எண்ணெய். ஐந்தாறு வருஷத்தில் ரப்பர் காய்ந்து பிஸ்கட் மாதிரி உடையும். 1970, 80களின் கார்கள் "ஐடிலிங் நிற்காத கார்கள்" என்று பெயர் வாங்கியது பொறியாளர்களின் முட்டாள்தனத்தால் இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக வந்ததால்தான்.

ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பது

இத்தனை ஹோஸ் வந்தபின் காதில் டியூப் வைத்தால் போதாது. விலக்கிப் பார்க்கும் முறை வளர்ந்தது.

ஹோஸை ஒவ்வொன்றாக மெல்ல நெரித்துப் பாருங்கள். எதை நெரித்தால் ஐடிலிங் சரியாகிறதோ, அந்தக் கிளையில்தான் ஓட்டை. பிரேக் பூஸ்டர் ஹோஸை நெரித்ததும் எஞ்சின் சீரானால் விளையாட்டில்லை, உடனே கவனிக்க வேண்டும். உறுதி செய்ய: எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகவில்லை. ஐடிலிங் உதறலை "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று விடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

கேஸ்கெட் இருக்கும் இடங்களை நெரிக்க முடியாது. அங்கே ஸ்ப்ரே. கார்புரேட்டர் அடித்தட்டு, மேனிஃபோல்டு சேரும் இடம், தேய்ந்துபோன திராட்டில் கம்பியின் இரண்டு முனை, இந்த இடங்களில் கார்ப் கிளீனரை அடித்தால், ஓட்டை அதை உறிஞ்சி ஆர்.பி.எம். மாறும். சில மெக்கானிக்குகள் பெட்ரோலையே ஊற்றுவார்கள். தயவுசெய்து வேண்டாம். சூடான சைலன்சர் பைப் அரை அடி தூரத்தில் இருக்கிறது. ஸ்ப்ரேயும் தீப்பிடிக்கும். வெறும் தண்ணீரைத் தெளித்தாலே போதும். அது ஓட்டையை ஒரு நொடி அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும். நியூகமன் பிஸ்டன் மேல் தண்ணீர் தேக்கிய அதே தத்துவம்! சோப்பு நுரை வைத்துப் பார்க்காதீர்கள், இங்கே காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது. குமிழி வராது.

இன்னொரு அடையாளம், மிக்ஸர் ஸ்குரூ. லீக் இருக்கும் வண்டியில் ஐடிலிங்கைத் தூக்க மெக்கானிக் திராட்டில் ஸ்குரூவை ஏற்றிவிடுவார். தட்டு கூடுதலாகத் திறந்து, ஐடில் துளையை விட்டு அடுத்த துளைகளிலிருந்து பெட்ரோல் வர ஆரம்பிக்கும். அப்புறம் மிக்ஸர் ஸ்குரூவை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் ஆகாது. அது வேலை செய்யவில்லை என்றால் கார்புரேட்டரை மாற்றச் சொல்வதற்கு முன்னால், யாரோ லீக்கை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

ஏமாற்றும் நோயும் ஒன்று உண்டு. இ.ஜி.ஆர். வால்வு சரியாக மூடாமல் இருந்தால் ஐடிலிங்கில் புகை உள்ளே புகும். கேஜ் முள் தாழும், எஞ்சின் உதறும், லீக் மாதிரியே இருக்கும். ஆனால் வெளியே எவ்வளவு தேடினாலும் ஓட்டை கிடைக்காது.

கம்ப்யூட்டர் வந்தது, ஓட்டை ஒளிந்தது

1967-ல் ஃபோக்ஸ்வேகன் 1600-ல் பாஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக் என்ற எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தது. டி என்றால் ஜெர்மன் மொழியில் அழுத்தம். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தீர்மானிக்கும். 1970களின் நடுவில் எல்-ஜெட்ரானிக் வந்தது. எல் என்றால் காற்று. உள்ளே போகும் காற்றையே ஒரு தட்டு வைத்து அளக்கும்.

இந்த இரண்டும் ஒரே ஓட்டைக்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். அழுத்தம் அளக்கும் காரில் ஓட்டை விழுந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் ஏறும். கம்ப்யூட்டர் "டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார் போல" என்று நினைத்து பெட்ரோலையும் கூட்டும். ஐடிலிங் எகிறும். காற்றை அளக்கும் காரில், மீட்டரைத் தாண்டி வந்த காற்று கணக்கிலேயே வராது. கலவை மெலியும், உதறும், நிற்கும். ஐடிலிங் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்பதற்கு முன் இந்தக் கார் எதை அளக்கிறது என்று கேட்க வேண்டும். காற்றை அளக்கும் அந்தக் காலத்துக் கார்களில் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்தாலே ஐடிலிங் மாற வேண்டும், ஏனென்றால் அதுவும் ஒரு லீக்தான். மாறவில்லையென்றால் ஏற்கெனவே எங்கோ பெரிய ஓட்டை இருக்க வாய்ப்பு உண்டு.

1977 மாடல் வோல்வோவில் வந்த லாம்டா சென்சார் அடுத்த திருப்பம். புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்த்து கம்ப்யூட்டர் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கும். சின்ன ஓட்டை விழுந்தால் பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கும். டிரைவருக்கு ஒன்றுமே தெரியாது. நோய் போகவில்லை, வலி மட்டும் போய்விட்டது.

ஆனால் கம்ப்யூட்டர் எவ்வளவு சமாளிக்கிறது என்ற கணக்கு அதன் நினைவில் இருக்கும். 1996 முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 கட்டாயமானது. ஸ்கேனரை மாட்டினால் "ஃப்யூயல் ட்ரிம்" என்று ஒரு சதவீதம் காட்டும். காற்றை அளக்கும் காரில் ஐடிலிங்கில் பிளஸ் 20 காட்டி, 2500 ஆர்.பி.எம்.மில் பூஜ்யம் பக்கம் வந்தால் அது வாக்யூம் லீக்தான். மேலே போட்ட 180 லிட்டர், 2400 லிட்டர் கணக்கு ஸ்கேனர் திரையில் வந்து நிற்கிறது. வேகத்தில் ட்ரிம் இன்னும் ஏறினால் லீக் இல்லை, பெட்ரோல் போதவில்லை என்று பம்ப், ஃபில்டர் பக்கம் போகலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க இப்போது ஸ்மோக் மெஷின். எஞ்சினை அணைத்துவிட்டு, மினரல் ஆயிலைச் சுட வைத்து வரும் புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் மேனிஃபோல்டுக்குள் விட்டால், ஓட்டை வழியாக ஊதுபத்திப் புகை போல வெளியே வரும். கம்ப்யூட்டரே இல்லாத பழைய கார்களுக்கும் இது அருமையாகப் பொருந்தும்.

நம்ம ஊர் சங்கதி

அம்பாசடர், பத்மினி தலைமுறைக்கு இந்த ஹோஸ் காடு வரவே இல்லை. இங்கே புகைச் சட்டங்கள் தாமதமாக வந்ததே காரணம். ஆனால் வந்த விதத்தில் ஒரு விசித்திரம் இருந்தது.

1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, ஓடும் பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பல வருஷம் அது ஒன்றுதான் சோதனை. இதில் என்ன ஆகும் பாருங்கள். ஏர் லீக் உள்ள கார் மெலிந்த கலவையில் ஓடுகிறது. மெலிந்த கலவையில் கார்பன் மோனாக்ஸைடு மிகக் குறைவு. ஆகவே உதறிக்கொண்டு நிற்கும் கார் சோதனையில் அழகாகப் பாஸ்! ஆனால் பற்றாமல் போன சிலிண்டரிலிருந்து பெட்ரோல் ஆவி அப்படியே வெளியே வரும். ஹாகன்-ஸ்மிட் குற்றவாளி என்று காட்டிய அதே ஹைட்ரோகார்பன்.

1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. அப்போது இது இன்னும் முக்கியமானது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கியே விடும். சில ரூபாய் ஹோஸ், ஆயிரக்கணக்கில் செலவு. கடைசியில் 2004 அக்டோபரிலிருந்துதான் ஓடும் வண்டிகளின் சோதனையில் ஹைட்ரோகார்பனும் சேர்ந்தது. அதுவரை சான்றிதழ் கையில் இருந்தது, புகை பின்னால் வருபவரின் மூச்சில் இருந்தது.

அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல் நின்றுவிட்டன. ஆனாலும் கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் நிறையப் பேர் வீட்டில் இருக்கின்றன. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், இந்த வரலாறே ஒரு செக்லிஸ்ட். முதலில் காது. அப்புறம் கேஜ். அப்புறம் ஹோஸை ஒவ்வொன்றாக நெரிப்பது, பிரேக் பூஸ்டரிலிருந்து ஆரம்பித்து. அப்புறம் கேஸ்கெட் இடுக்குகளில் தண்ணீர். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்குரூ டிரைவர். முதலிலேயே ஸ்குரூவைத் தொடுகிற மெக்கானிக் நோயைத் தேடவில்லை, சத்தத்தை மட்டும் மாற்றுகிறார். ஹோஸ் மாற்ற ஆகும் செலவு ஒரு டீ, பன் காசு.